கயிற்றின் வழியே இறங்கும் பாரம்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாச் சொற்பொழிவு என்றால் தீர்த்தங்கரர் வரலாற்றையோ, நம் முன்னோர் இயற்றிய காப்பியங்களின் நயத்தையோ எடுத்துரைப்பது மரபு. நானோ நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். திண்டிவனம், மரக்காணம் வட்டாரங்களில் முப்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவனாகப் பணியாற்றியவனிடம் வேறு எதனை எதிர்பார்க்க இயலும் என்று நிருவாகக் குழுவினர் பெருந்தன்மையோடு இசைந்தனர். நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று நாய் வளர்க்கப்படுகிறது. முன்பு களத்துமேட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் காவல் இருந்த நாய், இப்போது நகரத்து அடுக்குமாடி வீட்டின் கூடத்திற்கே வந்துவிட்டது. அதனைப் பயிற்சி வகுப்பிற்கு அழைத்துச் செல்லும் வழக்கமும் உடன் வந்துவிட்டது. அவ்வகுப்பில் நாய் நடந்துகொள்ளும் முறைக்கும், அதன் கயிற்றைப் பிடித்திருப்பவர் உள்ளத்திற்கும் உள்ள தொடர்பே இன்றைய பேச்சின் பொருள்.

நம் மரபிற்கு இப்பொருள் அயலானதன்று. சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் வரும் நாயை நீங்கள் அறிவீர்கள். நீராட்டு விழா நாளில், உணவைத் தீண்டிற்று என்பதற்காகச் சிலர் அதனை அடித்து வீழ்த்தினர். உயிர் பிரியும் நிலையில் கிடந்த அதனைக் கண்ட சீவகன், அருகில் சென்று அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர் சீவகனுக்கு இடர் நேர்ந்தபோது துணை நின்றது. மந்திரத்தின் மாண்பை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. மருத்துவன் கண்ணில் படுவது வேறொன்று. அடிபட்ட நாயை அணுகுவது எளிய செயலன்று. வலியில் துடிக்கும் நாய் தன்னை வளர்த்தவரையே கடிக்கும். சீவகனோ அதன் செவி வரை குனிந்தான். அச்சமும் அருவருப்பும் நீங்கிய உள்ளத்தோடு ஒருவன் அருகில் வரும்போது, துன்புறும் விலங்கும் அமைதியடையும் என்பதை நம் காப்பியம் கதையாகவே காட்டிவிட்டது. அதன் மறுபுறத்தை நாம் காண வேண்டும். அஞ்சும் உள்ளத்தோடு ஒருவர் அருகில் நின்றால் அவ்விலங்கு என்ன ஆகும்?

மரக்காணத்தை அடுத்துள்ள எக்கியார்குப்பம் மீனவர் வாழும் கடற்கரை ஊர். கடலோரத்தில் படகுகளும் வலைகளும். அருகிலேயே மரக்காணத்து உப்பளங்களும், 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கழுவெளியும். பணி நிமித்தம் அப்பக்கம் செல்லும் நாள்களில், ஒரே காலைப்பொழுதில் இருவகை நாய்களைக் கண்டிருக்கிறேன். உப்பு வாரும் தொழிலாளியின் பின்னே வரப்பின்மேல் நடந்து வரும் நாட்டு நாய் ஒருவகை. அதற்குக் கயிறு இல்லை, வகுப்பும் இல்லை. அவர் பாத்தியில் இறங்கினால் அது வரப்பில் படுத்துக்கொள்ளும்; அவர் கரையேறினால் அதுவும் எழும். அவர் அதனை ஏவுவதும் இல்லை, அது என்ன செய்யுமோ என்று கவலைப்படுவதும் இல்லை. தம் வேலையில் கருத்தாக இருப்பார். அந்த நாயும் அவ்வாறே இருக்கும்.

மற்றொரு வகை, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே விடுமுறை நாளில் மகிழுந்தில் வந்திறங்கும் நாய். விலைகொடுத்து வாங்கிய உயர்ந்த இனம், புதிய கழுத்துப்பட்டை, கையில் இறுகச் சுற்றிய கயிறு. ஊர் நாய் ஒன்று தொலைவில் தலை தூக்கியவுடன், கயிற்றைப் பிடித்திருப்பவர் மூச்சை உள்ளிழுத்து நின்றுவிடுவார். கயிறு விறைக்கும். அதுவரை மணலை முகர்ந்துகொண்டிருந்த அவர் நாய் அப்போதுதான் தலை நிமிர்ந்து குரைக்கத் தொடங்கும். ஊர் நாயும் மறுகுரல் கொடுக்கும். “பார்த்தீர்களா, என் நாய்க்கு மற்ற நாய்களைக் கண்டால் ஆகாது” என்பார் அவர். நிகழ்ந்தவற்றின் வரிசையை எண்ணிப் பாருங்கள். முதலில் அஞ்சியவர் அவர். அடுத்து இறுகியது கயிறு. நாய் குரைத்தது மூன்றாவதாக.

ஊர் நாய் உயர்ந்தது, வளர்ப்பு நாய் தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. ஊர் நாய் குட்டிப் பருவம் முதல் அம்மணலிலேயே வளர்ந்தது. படகையும் ஆளையும் அலையையும் அது அறியும். வந்த நாய்க்கு அங்கே எல்லாமே புதிது. புதிய இடத்தில் நின்ற நாய், “இங்கே அஞ்சத் தக்கது உண்டா?” என்று அறியத் தன் தலைவரையே நோக்கும். அவர் முகமும் கையும் தரும் விடையையே அது நம்பும். பயிற்சி வகுப்பிலும் நடப்பது இதுதான். பத்து நாய்கள், இருபது மனிதர்கள், முன்பின் அறியாத பயிற்றுநர் ஒருவர். நாய்க்கு அது தேர்வுக்கூடம் என்று தெரியாது. நமக்குத் தெரியும். நம் நெஞ்சு படபடப்பதற்கு அதுவே காரணம்.

திண்டிவனம் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் அனுபவத்தைக் கூறுகிறேன். அவர்கள் வீட்டில் இரண்டு வயது லாப்ரடார் நாய் இருந்தது. குடும்பத் தலைவர் சிறுவனாக இருந்தபோது நாய்க்கடிபட்டு, அக்கால வழக்கப்படி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டவர். பிள்ளைகளின் விருப்பத்திற்காக நாய் வளர்க்க இசைந்தார். அதனிடம் அன்பும் கொண்டார். ஆயினும் பிற நாய்களைக் கண்டால் உள்ளூர நடுங்குவார். வகுப்பில் அவர் கயிற்றைக் கையில் இருமுறை சுற்றிக்கொண்டு, “சிட், சிட், சிட்” என்று ஒரே மூச்சில் ஆறு முறை சொல்வார். நாய் கொட்டாவி விடும், மூக்கை நக்கிக்கொள்ளும், முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையை முகரும். சுற்றி நின்றவர்கள் புன்னகைப்பார்கள். அவர் முகம் சிவக்கும். “நாலு பேர் முன்னால் வேண்டுமென்றே என்னை அவமானப்படுத்துகிறது” என்று என்னிடம் சொன்னார். யாருக்காவது கொடுத்துவிடலாம், இயலாவிடில் கடற்கரைச் சாலையோரம் விட்டுவிடலாம் என்னும் பேச்சும் வீட்டில் எழுந்துவிட்டது.

அன்பர்களே, அந்தக் கொட்டாவி உறக்கத்தால் வந்ததன்று. உணவு இல்லாதபோது உதட்டையும் மூக்கையும் நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெண்பகுதி தெரியப் பக்கவாட்டில் நோக்குவது, நனையாத உடலை நனைந்ததுபோல் உதறுவது, வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது, காரணமின்றித் தரையை முகர்வது ஆகியன எல்லாம் நாய் தன் மனக்கலக்கத்தை வெளியிடும் குறிப்புகள். “எனக்கு இது தாங்கவில்லை, சற்றுப் பொறுங்கள்” என்பதே அவற்றின் பொருள். அவமதிப்பு என்று அவர் கொண்டது ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு வயது மகள் கயிற்றை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு முறை மெல்லச் சொன்னாள், நாய் அமர்ந்தது. நாய்க்குப் பாடம் தெரிந்தே இருந்தது. தந்தையின் கையில் இருந்தபோது அதனைச் செய்யும் நிலையில் அது இல்லை.

இக்கருத்திற்கு ஆய்வுச் சான்றுகளும் உள்ளன. சுவீடன் நாட்டு லிங்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 58 நாய்களின் உரோமத்தையும் அவற்றை வளர்ப்போரின் தலைமுடியையும் எடுத்து, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரின் அளவை ஒப்பிட்டனர். முடி மெல்ல வளர்வதால், கடந்த சில மாதங்களின் அழுத்தத்தை அது தன்னுள் பதிந்து வைத்திருக்கும். வளர்ப்பவரிடம் அளவு மிகுந்திருந்தால் அவர் நாயிடமும் மிகுந்திருந்தது. நாயின் குணத்தைக் காட்டிலும் வளர்ப்பவரின் குணமே நாயின் கார்ட்டிசால் அளவோடு மிகுதியாகத் தொடர்புற்றிருந்தது. போட்டிகளுக்காகப் பயிற்றப்பெறும் நாய்களில் இவ்வொற்றுமை இன்னும் வலுவாகக் காணப்பட்டது. அவை தம் தலைவரோடு சேர்ந்து அதிக நேரம் உழைப்பவை என்பதை நினைவிற் கொள்க.

இவ்வாய்வு மேய்ச்சல் நாய் இனங்கள் இரண்டில் செய்யப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தார் 2021இல் வேட்டை நாய்களையும் தொன்மையான இனங்களையும் ஆராய்ந்தபோது அவ்வொற்றுமை வெளிப்படவில்லை. ஆகவே எல்லா இனத்து நாய்களும் ஒரே அளவில் நம் மனத்தை ஏற்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் தத்தமக்கெனத் தனி இயல்பு கொண்டவை. உங்கள் நாயை நீங்கள்தாம் உற்றுநோக்கி அறிய வேண்டும்.

அச்சம் எவ்வழியாக நாயைச் சென்றடைகிறது? முதல் வழி மூக்கு. அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2022இல் 36 பேரைக் கடினமான மனக்கணக்குப் போடச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் வியர்வையையும் மூச்சையும் துணியில் சேகரித்தனர். பயிற்சி பெற்ற 4 நாய்கள், பதற்றத்தின்போது எடுத்த மாதிரியை 100க்கு ஏறக்குறைய 94 முறை சரியாகப் பிரித்துக் காட்டின. 2024இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி சென்றனர். ஓரிடத்தில் வைத்த கிண்ணத்தில் உணவு உண்டு, மற்றோரிடத்தில் வைத்ததில் இல்லை என்று 18 நாய்களுக்குக் கற்பித்தனர். பிறகு இரண்டிற்கும் இடைப்பட்ட இடத்தில் கிண்ணத்தை வைத்தனர். முன்பின் அறியாத ஒருவரின் பதற்ற வாடையை முகர்ந்த நாய்கள், உணவில்லாத இடத்தை ஒட்டி வைத்த கிண்ணத்தை நாடிச் செல்லத் தயங்கின. எவரோ ஒருவரின் கலக்கம் காற்றில் வந்தாலே நாயின் நம்பிக்கை குன்றுகிறது என்றால், தன் தலைவரின் கலக்கம் அதனை எவ்வளவு வாட்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் வழி கயிறு. நம் தோள் இறுகினால் முழங்கை இறுகும். முழங்கை இறுகினால் கயிறு இறுகும். நாயின் கழுத்தில் அந்த இறுக்கம் விழும். எதிரில் வேறொரு நாய் தோன்றும்போதெல்லாம் கழுத்தில் இறுக்கம் விழுந்தால், வேறு நாய் என்றாலே துன்பம் என்று அது பாடம் கற்றுக்கொள்ளும். மூன்றாம் வழி குரல். பதற்றத்தில் குரல் உயரும், விரையும், ஒரே சொல்லைப் பலமுறை கூறும். ஆறு முறை சொன்னால், ஆறாம் முறைதான் அமர வேண்டும் போலும் என்றே நாய் கொள்ளும். நான்காம் வழி காலம் தவறுதல். கலங்கிய மனிதர் நாய் செய்த நற்செயலைக் காண்பதில்லை. கண்டாலும் பாராட்டும் பண்டமும் தாமதமாகவே வரும். நாய் அமர்ந்த ஓரிரு நொடிக்குள் தரவேண்டிய பரிசு, அது எழுந்த பின் வந்தால், எழுந்ததற்கே பரிசு என்று ஆகிவிடும்.

நெடிய பயிற்சி பெற்ற நாய்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், போதைப்பொருளையோ வெடிபொருளையோ கண்டறியப் பழகிய 18 நாய்களும் அவற்றின் கையாளுநர்களும் பங்கேற்றனர். தேடப்பட்ட கட்டடத்தில் அத்தகைய பொருள் எதுவுமே வைக்கப்படவில்லை. சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் பொருள் இருக்கும் என்று கையாளுநர்களிடம் மட்டும் கூறப்பட்டிருந்தது. நாய்கள் கண்டுபிடித்துவிட்டதாக அவர்கள் பல முறை அறிவித்தனர். சிவப்புத் தாள் இருந்த இடங்களில் அது மிகுந்திருந்தது. கையாளுபவர் உள்ளத்தில் இருப்பது, தேடலின் முடிவையே மாற்றவல்லது என்பது இதனால் விளங்குகிறது. நம் நாட்டிலும் காவல் துறையிலும் எல்லைப் பாதுகாப்புப் படையிலும் நாய்க்கு உரிய கையாளுநரும் அதனுடன் சேர்ந்தே பயிற்சி பெறுகிறார். பயிற்சி பெறுவது நாய் மட்டும் என்று கருதுவது இல்லங்களில் நாம் செய்துகொண்ட கற்பனை.

நாய் மனிதரின் நிலையை இவ்வளவு உன்னிப்பாக அறிவது நமக்கு நன்மையாகவும் முடிந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோது, எக்கியார்குப்பத்திலிருந்து தெற்கே புதுச்சேரி செல்லும் வழியில் உள்ள சின்னக் காலாப்பட்டில், குடிசைக்குள் ஓடி ஒளிந்த ஏழு வயதுச் சிறுவனை அவன் வீட்டு நாய் முட்டித் தள்ளி வெளியேற்றி மேட்டிற்குக் கொண்டு சேர்த்தது. அச்செய்தியை அந்நாளில் ஏடுகள் விரிவாக வெளியிட்டன. நம் துயரில் இவ்வாறு பங்கேற்கும் ஓர் உயிரின்மேல், தேவையற்ற துயரை நாம் ஏற்றலாமா என்பதே என் கேள்வி.

இங்கே நம் சமய நூல் கூறும் செய்தி ஒன்று பொருத்தமாக நினைவிற்கு வருகிறது. தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் மேற்கொள்ளும் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவு மீறிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கால்நடைகளோடு வாழ்ந்த இல்லறத்தாரை மனத்திற் கொண்டு கூறியன போலவே இவை ஐந்தும் அமைந்துள்ளன. இன்றைய நாய்ப் பயிற்சிக்கும் இவ்வைந்தையும் அளவுகோலாகக் கொள்ளலாம். நாள் முழுதும் சங்கிலியில் கட்டி வைப்பது முதலாவது. கழுத்தை நெரிக்கும் சங்கிலியும் அடியும் இரண்டாவது. அழகு கருதி வாலையும் செவியையும் வெட்டுவது மூன்றாவது. பசித்தால்தான் சொல் கேட்கும் என்று பட்டினி போட்டு வகுப்பிற்கு அழைத்துச் செல்வது ஐந்தாவது. இவற்றை நம் குடும்பங்கள் எளிதில் உணர்ந்து விலக்கிவிடும்.

நான்காவதாகிய பாரத்தைப் பற்றியே நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். நாய் வண்டி இழுப்பதில்லை, மூட்டை சுமப்பதில்லை. அதன்மேல் என்ன பாரம் என்று கேட்கலாம். நம் அச்சமே அப்பாரம். நம் மானம் போய்விடுமோ என்னும் கவலையும் அப்பாரமே. மாட்டின் முதுகில் ஏற்றும் மூட்டையை எடை போடலாம். அளவு மீறினால் நான்கு பேர் கண்டு தடுப்பர். கயிற்றின் வழியே இறங்கும் பாரத்தை எவரும் காண்பதில்லை. ஏற்றியவருக்கும் தெரிவதில்லை. சுமக்கும் உயிர் மட்டுமே அறியும். அதற்கும் சொல்லத் தெரியாது. கொட்டாவி விடத்தான் தெரியும்.

இவ்வாறு கூறுவதால் நாயின் குறை ஒவ்வொன்றிற்கும் வளர்ப்பவரே பொறுப்பு என்று எவரும் மனம் வருந்த வேண்டாம். செவியில் சீழ் வைத்த நாய் கழுத்துப்பட்டையைத் தொட்டாலே சீறும். இடுப்பு மூட்டில் வலி உள்ள நாய்க்கு உட்காரச் சொல்வதே துன்பம். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் சோர்ந்து கிடக்கும். ஏறத்தாழ 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான குட்டிப் பருவத்தில் மனிதரையும் பிற நாய்களையும் காணாமல் கூண்டில் வளர்ந்த நாய், பிற்காலத்தில் கண்டதற்கெல்லாம் அஞ்சும். ஆகவே பிடிவாதம் என்று தோன்றும் நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் குறை இல்லை என்று தெளிந்த பின்னர் பயிற்சியைப் பற்றி எண்ணலாம். அஞ்சுபவர் குற்றவாளியும் அல்லர். சிறுவயதில் கடிபட்டவர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சம் தம்மோடு நில்லாது இன்னோர் உயிருக்கும் செல்கிறது என்பதை அறிந்துகொண்டால் போதும். பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்குச் சில வழிகளைக் கூறுகிறேன். வகுப்பு தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே செல்லுங்கள். கடைசி நொடியில் ஓடி வருபவரின் மூச்சிரைப்பே நாய்க்கு முதல் பாடமாகிவிடும். முன்னதாகச் சென்று, கூட்டத்திற்கு அப்பால் நாயை முகரவிட்டு மெல்ல நடத்துங்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். சுற்றினால் நாய் திடீரென இழுக்கும்போது விரலுக்கும் கேடு. கைப்பிடியைப் பற்றி, கயிறு சற்றே தொய்ந்து தொங்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். நடுக்கம் தோன்றும்போது கயிற்றைப் பாருங்கள். அது தொய்ந்திருந்தால் உங்கள் நடுக்கம் உங்களோடு நிற்கிறது என்று பொருள்.

ஏவலுக்கு முன் மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு சொல்லும் சொல் கடுமையாகவே வரும். ஒரு முறை சொல்லி மூன்று நொடி பொறுங்கள். செய்தால் உடனே பண்டம். செய்யாவிட்டால் சினம் வேண்டா, இரண்டு அடி விலகிச் சென்று மீண்டும் தொடங்குங்கள். பிற நாய்கள் அருகில் இருப்பது தாங்கவில்லை என்றால் தொலைவை அதிகமாக்குவதே மருந்து. ஐந்து நிமிடம் நன்றாகச் செய்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். களைத்த பின் வரும் தோல்வியே வீடு வரை நினைவில் நிற்கும். அன்றைய நாள் உங்களுக்கு மனக்கவலை மிகுந்த நாள் என்றால், கயிற்றை வீட்டில் அமைதியானவர் கையில் கொடுங்கள். பன்னிரண்டு வயது மகளிடம் கொடுப்பதில் இழிவு ஏதும் இல்லை. பெரியவர் ஒருவர் அருகில் நின்றால் போதும்.

பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பதிலும் கருத்தாக இருங்கள். போர்ச்சுகல் நாட்டுப் போர்ட்டோ நகர ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிப் பள்ளிகளில் பயிலும் 92 நாய்களை ஒப்பிட்டனர். தண்டித்துக் கற்பிக்கும் பள்ளிகளில் பயின்ற நாய்களிடம் கலக்கக் குறிப்புகள் மிகுந்திருந்தன. பயிற்சிக்குப்பின் கார்ட்டிசாலும் உயர்ந்திருந்தது. பரிசளித்துக் கற்பிக்கும் பள்ளி நாய்களிடம் அந்நிலை இல்லை. உங்கள் நாயை அதட்டுபவர் உங்களையும் அதட்டுவார். அதட்டப்பட்ட நீங்கள் அஞ்சுவீர்கள். அந்த அச்சமும் நாய்க்கே போய்ச் சேரும். எனவே பயிற்றுநர் நாயிடம் எப்படிப் பேசுகிறார் என்பதோடு, தவறு செய்த மனிதரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும் ஒரு நாள் தனியே சென்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அமைதி என்பது கவனக்குறைவு என்று எவரும் கொள்ளலாகாது. கயிறு தொய்ந்திருக்கட்டும், ஆனால் கயிறு இருக்கட்டும். நம் கடற்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும்; கட்டவிழ்த்த நாய் அம்முட்டைகளைத் தோண்டிவிடும். கழுவெளியில் தங்கும் பறவைகளுக்கும் துரத்தும் நாய் கேடு செய்யும். சாலையில் விரையும் ஊர்திகளோ நாய்க்கே கேடு. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுங்கள். எவரையேனும் நாய் கடித்தாலோ, நகத்தால் கீறினாலோ, அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கட்டிக் காத்திருப்பது உயிருக்கு இறுதியாகிவிடும். செய்ய வேண்டியதைத் திருத்தமாகச் செய்துவிட்டவர்க்கு வீண் அச்சம் குறையும்.

முன்னர்க் கூறிய குடும்பத்தின் செய்தியை முடிக்காமல் விட்டுவிட்டேன். அவர் வகுப்பிலிருந்து சில வாரம் விலகி நின்றார். மாலைதோறும் நாயோடு வயல் வரப்பில் நடந்தார். ஏவல் எதுவும் இல்லை, வெறும் நடைதான். எதிரே நாய் வந்தால் நின்று விறைப்பதற்கு மாறாக, மூச்சை விட்டுப் பக்கத்து வரப்பிற்குத் திரும்பிவிடப் பழகினார். அந்த நாய் பரிசு வாங்கும் நாயாக மாறிவிடவில்லை. கூட்டத்தின் நடுவே சொன்ன இடத்தில் நெடுநேரம் காத்திருக்க அதற்கு இறுதிவரை வரவில்லை. ஆயினும் அவர் கையில் இருக்கும்போது அமரக் கற்றுக்கொண்டது. சாலையோரம் விட்டுவிடும் பேச்சு அவ்வீட்டில் அடங்கிப்போயிற்று. ஓர் உயிர் தன் இல்லத்தை இழக்காமல் காக்கப்பட்டதைக் காட்டிலும் பெரிய பரிசு எந்தப் போட்டியில் கிடைக்கும்?

சிலர் என்னிடம், “ஐயா, அச்சத்தை விடு என்றால் விட்டுவிட முடியுமா?” என்று கேட்பதுண்டு. ஒரே நாளில் முடியாது. ஆனால் அதற்குரிய பயிற்சி நம் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. சாமாயிகம் என்பது என்ன? இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், விருப்பும் வெறுப்பும் இன்றி எவ்வுயிரிடத்தும் சமநோக்கோடு அமர்ந்திருக்கப் பழகுவது. அதனைப் பெரியவர்களுக்கு மட்டும் உரிய சடங்கு என்று இளைஞர்கள் ஒதுக்கிவிட்டனர். அந்தச் சமநிலை நமக்குக் கைவந்ததா என்பதைப் பிறர் பாராட்டைக் கொண்டு அளக்க இயலாது. நாமே அளந்துகொண்டால் பொய்யாகவும் போகலாம். வீட்டிலுள்ள நாய் பொய் சொல்லாது. சாமாயிகம் முடித்து எழுந்தவர் அதன் அருகில் சென்று அமரட்டும். அது உடலைத் தளர்த்திக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டால், அவர் அமைதி உண்மையானதே.

நாயைப் பயிற்றுவது என்று நாம் தொடங்கிய செயல், நம்மைப் பயிற்றுவதில் வந்து முடிகிறது. நாளை காலை நம் நாயின் கழுத்தில் பட்டையை மாட்டும்போது, இக்கயிற்றின் வழியே இன்று எதனை அனுப்பப் போகிறேன் என்று ஒரு நொடி நின்று எண்ணிப் பார்ப்போம். எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க.